எழும் கூரை, துணிச் சுவர்

எழுகூரை கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் இறக்கி வைத்து இறுகக் கட்டப்படும் சிறு வீடு. வண்டி ஓடும்போது அதன் கூரை தாழ்ந்து, டிரைவர் இருக்கும் கேபினுக்குச் சற்றே மேலே நிற்கும். வண்டியை நிறுத்திக் கூரையை அரை மீட்டருக்கு மேல் தூக்கினால், மடிந்து கிடந்த துணி நான்கு பக்கமும் விரிந்து சுவராகும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கேபினின் தலைக்கு மேல் நீண்டிருக்கும் பகுதி படுக்கை. கீழே ஒரு பக்கம் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும், எதிர்ப்பக்கம் ஒரு பெஞ்சு, நடுவே ஒருவர் நிற்க இடம். இரண்டு பேர் உள்ளே இருந்தால் ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர் சமைக்க முடியும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதற்குத் தனி மவுசு உண்டு. அந்நாட்டுக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கில்தான்: பாலைவனம், புதர்க்காடு, செம்பாறைப் பள்ளத்தாக்கு. பெரும்பாலான இடங்களில் எவரும் 14 நாள் வரை தங்கலாம். குழாயும் இருக்காது, மின்கம்பமும் இருக்காது. அங்கே போய்ச்சேரும் மண்பாதையில் டிரெய்லரை இழுத்துப் போவது பெரும்பாடு. பஸ் அளவு மோட்டார் வீடு போகவே போகாது. நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் அமெரிக்காவைச் சுற்றி வந்தது டிரக் முதுகில் ஏற்றிய கேம்பரில்தான். டான் கிஹோத்தேயின் குதிரைப் பெயரை வைத்து அதை ‘ரோசினான்டே’ என்று அழைத்தார். கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில், அவர் பெயரிலுள்ள மையத்தில் அந்த வண்டி இன்றும் நிற்கிறது. ஆனால் அது கெட்டிச் சுவர் வகை. கெட்டிச் சுவர் கேம்பர் கதகதப்பாக இருக்கும். கூடவே உயரம், கனம், பக்கக் காற்றடித்தால் ஆட்டம். எழுகூரை வகையில் மேல்பாதி துணி என்பதால் உயரமும் கனமும் குறைகின்றன, குளிர் உள்ளே வருகிறது. இந்த வண்டியை வசதிப்படுத்தும் வேலை முழுவதும் துணியால் மிச்சமான எடையை எதற்குச் செலவழிப்பது, துணியால் வந்த குளிரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

உயரம் குறைவதன் பலன் நெடுஞ்சாலையில் தெரியும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதை வெல்ல இன்ஜின் தரவேண்டிய திறன் வேகத்தின் கனத்தில் ஏறுகிறது. 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு. இன்ஜின் அதற்காகச் செலவழிக்கும் திறன் ஏறத்தாழ 1.8 மடங்கு. காற்றில் மோதும் முகப்புப் பரப்பு பெரிதாக ஆக இந்தக் கணக்கும் அதே விகிதத்தில் பெருகும். தாழ்ந்த கூரை பெட்ரோலை மிச்சப்படுத்துவது இப்படித்தான்.

எடைக் கணக்கைத் தொடங்கும் இடம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்பதை அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே தொழிற்சாலை அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் சொல்லப்படும் உச்சச் சுமை வேறு, இது வேறு. கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று வாங்கும்போது சேர்த்த ஒவ்வொன்றும் இந்த எண்ணைக் குறைத்திருக்கும். ஒரு வண்டியில் அது 700 கிலோ என்று கொள்வோம். ஓரளவு எளிமையான எழுகூரை கேம்பர் ஒன்று 450 கிலோ. அமெரிக்க அளவில் 20 காலன், அதாவது சுமார் 76 லிட்டர் தண்ணீர் 76 கிலோ. பழைய வகை பேட்டரி ஒன்று 30 கிலோ, நிரம்பிய கேஸ் சிலிண்டர் 17, ஃபிரிட்ஜ் 20, இரண்டு பேர் 150. கூட்டினால் 743. இன்னும் துணிமணி, பாத்திரம், அரிசி, கருவிப்பெட்டி, நாய் எதுவும் ஏறவில்லை. வரம்பு அதற்குள் தாண்டிவிட்டது. கேம்பர் விற்பவர் சொல்லும் வெற்று எடையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துப் பார்த்தால் டிரக் ஒரு நெம்புகோல். முன் பின் அச்சுகளுக்கு நடுவே 3.7 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் 50 கிலோ ஜெனரேட்டரைத் தொங்கவிட்டால், பின் அச்சில் கூடுவது 50 அல்ல, 70 கிலோ. மீதி 20 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால்தான் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் முன்பக்கம், தாழ்வாக வைக்கிறார்கள். பின்கதவில் சைக்கிள் மாட்டும் பழக்கம் பார்வைக்கு அழகுதான், கணக்குக்கு ஆகாது.

கேம்பரைத் தொட்டிக்குள் இறக்கியபின் நான்கு மூலையிலும் திருகு இழுப்பான்களால் கட்டுகிறார்கள். இவை தொட்டியின் தரையில் பதித்த கொக்கிகளில் மாட்டப்படும், அல்லது சேசிஸில் பொருத்திய கைகளில் மாட்டப்படும். தொட்டித் தரையின் மெல்லிய தகடு கரடுமுரடான பாதையில் வரும் திடீர் இழுப்பைத் தாங்காது. ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் 2015 மாடலிலிருந்து தொட்டியே அலுமினியம். கொக்கிக்கு அடியில் அகலமான தாங்கு தகடு வைத்து இழுவிசையைப் பரப்பாவிட்டால் கொக்கி தகட்டோடு பிய்ந்து வரும். தொட்டித் தரையில் விரிக்கும் ரப்பர் பாய் மலிவான பொருள், ஆனால் கேம்பர் நகராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதன் உராய்வுதான். புதிதாகக் கட்டிய இழுப்பான்கள் முதல் சில மணி நேர ஓட்டத்தில் தளரும். வழியில் நிறுத்தி ஒருமுறை முடுக்குவது வழக்கம்.

பின்பக்கம் உட்கார்ந்துபோன டிரக்கை நிமிர்த்த லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பார்கள், அல்லது காற்றுப்பை பொருத்துவார்கள். காற்றுப்பைக்கு ஒரு வசதி: கேம்பரை இறக்கி வைத்த நாட்களில் காற்றைக் குறைத்துவிடலாம். ஆனால் பை மாட்டியதும் வண்டியின் சுமைத் திறன் கூடிவிட்டதாக நினைப்பது பரவலான பிழை. அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே. பை வண்டியை நிமிர்த்துகிறது, அவ்வளவே. கனரக டயர்கள், சிலவற்றில் 80 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம் தாங்குபவை, உண்மையில் மாற்றவேண்டிய முதல் பொருள். குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். பாலைவன நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு வெயிலைவிட இந்த உட்சூடுதான் பெரிய காரணம்.

கூரையைத் தூக்கும் முறைகள் பல. சிலவற்றில் முன்னும் பின்னும் நடுவில் மடியும் பலகைகள் இருக்கும்; உள்ளே நின்று தோளால் முட்டித் தூக்கினால் பலகை நேராகிப் பூட்டிக்கொள்ளும். வேறு சிலவற்றில் கைப்பிடி சுற்றும் கம்பிவடம், அல்லது மின் மோட்டார். தோளால் தூக்கும் வகையில் கூரைமேல் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முதுகு அறியும் கிலோ. அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் உள்ள 160 வாட் சூரியத் தகடு ஒன்று சுமார் 10 கிலோ. அதை ஈடுகட்ட, காரின் பின்கதவில் இருப்பதைப் போன்ற வாயு உந்துதண்டுகளைப் பொருத்துகிறார்கள். இவற்றுக்குள் அடைபட்டிருப்பது நைட்ரஜன். அடைபட்ட வாயுவின் அழுத்தம் தனிவெப்பநிலையோடு ஏறி இறங்கும். 25 டிகிரி செல்சியஸ், அதாவது 298 கெல்வினில் அளந்து பொருத்திய தண்டு, உறையவைக்கும் மைனஸ் 10 டிகிரியில், 263 கெல்வினில், சுமார் 12 சதவீதம் பலம் குறைந்து நிற்கும். குளிர்காலக் காலையில் கூரை கனத்துப்போனதாகத் தோன்றுவது கையின் சோம்பல் மட்டுமல்ல. இன்னும் பெரிய சுமை பனி. நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலக் கூரைமேல் 10 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால், லேசான பனியே ஆனாலும் சுமார் 80 கிலோ. மூடியிருக்கும் கூரையில் அது விழுந்திருந்தால் முதலில் துடைப்பத்தைத் தேடவேண்டும்.

சரி, துணி. பாலியஸ்டர் இழைமேல் வினைல் பூசிய தார்பாலின் போன்ற துணி அது. மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். வெப்பத்தைத் தடுப்பதில் அதன் பங்கு அநேகமாகப் பூச்சியம். ஒற்றைத் துணியில் கொஞ்சநஞ்சம் தடுப்பு இருக்கிறது என்றால் அது துணியின் இருபுறமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப்படலத்தால் வருவது. கட்டடப் பொறியாளர்களின் கணக்குப்படி அப்படி ஒரு சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 6 வாட் வெப்பம் கசியும். சுற்றளவு 12 மீட்டர், உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் துணியின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். உள்ளே 20 டிகிரி, வெளியே பூச்சியம் என்ற இரவில் துணி வழியே மட்டும் 840 வாட் போய்க்கொண்டே இருக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியை இரவு முழுக்கப் போட்டு வைத்ததற்குச் சமம். தூங்கும் மனிதர் ஒருவர் உடலிலிருந்து வருவது 75 வாட்டுக்குப் பக்கம். இரண்டு பேர் சேர்ந்தாலும் ஈடாகாது.

உள்பக்கமாக இன்னொரு துணித்திரையை, முதல் துணியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் அந்த இழப்பு ஏறத்தாழ பாதியாகிறது. திரை கனமாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. வேலை செய்வது இடையில் சிறைப்பட்ட அசையாத காற்று. அதனால்தான் திரையின் ஓரங்களை வெல்க்ரோவால் சுற்றிலும் ஒட்டவேண்டும். கீழே இடைவெளி விட்டால் குளிர்ந்த காற்று கனத்து அதன் வழியே இறங்கி, மேலே சூடான காற்றை உறிஞ்சி, திரைக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடும். பளபளக்கும் அலுமினியப் படலம் பூசிய திரை இன்னும் நல்லது, ஏனெனில் அது கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தையும் தடுக்கிறது. ஆனால் அந்தப் பளபளப்பு காற்றிடைவெளியைப் பார்த்திருக்கவேண்டும். துணியோடு ஒட்டி அமுங்கிவிட்டால் அலுமினியம் வெறும் உலோகம், வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். அமெரிக்க நிறுவனங்கள் சில இத்தகைய திரையைக் குளிர்காலத் தொகுப்பு என்று தனி விலைக்கு விற்கின்றன. தையல் இயந்திரம் இருப்பவர்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்கிறார்கள். எழுகூரை கேம்பருக்குச் செய்யும் மேம்பாடுகளில் கிலோவுக்கு இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை.

குளிரைத் தடுத்ததும் அடுத்து வருவது ஈரம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 640 கிராம். கேம்பருக்குள் இருக்கும் காற்று மொத்தம் 12 கன மீட்டர் என்று வைத்தால், 15 டிகிரியில் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவியே 150 கிராம்தான். மீதி அரை லிட்டர் வெளியே போகவேண்டும், அல்லது எங்காவது படியவேண்டும். அது படிவது குளிர்ச்சியான இடத்தில். அலுமினியச் சட்டம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்துவது. சுவருக்குள் ஓடும் சட்டம் எங்கே இருக்கிறது என்பதை விடியற்காலையில் உட்பலகைமேல் வரிவரியாகப் பூத்திருக்கும் நீர்த்துளிகள் காட்டிக்கொடுக்கும். இன்னும் மோசமான இடம் மெத்தைக்கு அடியில். உடலின் ஈரம் மெத்தை வழியே இறங்குகிறது, கீழே குளிர்ந்த பலகையைத் தொட்டு நீராகிறது, காற்றுப் போக வழியில்லாததால் காய்வதில்லை. ஒரு வாரப் பயணத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மெத்தைக்குக் கீழே வலைபோன்ற பிளாஸ்டிக் இழைப்பாயோ சிறு பிளாஸ்டிக் ஸ்பிரிங்குகளோ விரித்து, ஒரு விரல்கடை காற்றிடைவெளி உண்டாக்குவதே இதற்கு மருந்து.

நீராவியை வெளியேற்ற ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும், குளிரிலும். சூடாக்கிய காற்றை வெளியே விடுவது கையில் இருக்கும் காசை ஆற்றில் போடுவதுபோலத் தோன்றும். ஆனால் குளிர்காலக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடேற்றினால் அது உலர்ந்த காற்றாகிவிடும், ஈரத்தைத் தாகத்தோடு குடிக்கும். கூரை விசிறியை மிக மெதுவாக வெளிநோக்கி ஓடவிட்டு, எதிர்மூலையில் துணி ஜன்னலின் ஜிப்பை நான்கு விரல் திறந்து வைப்பது போதும்.

சமைப்பதற்கும் சூடேற்றுவதற்கும் பொதுவான எரிபொருள் புரோப்பேன். இந்திய வீடுகளுக்கு வரும் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூச்சியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42. பனி விழும் நாட்டில் கேஸ் என்றால் புரோப்பேன் ஆவது அதனால்தான். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் நீராவியாகப் பிறக்கிறது. எரியும் பொருளிலிருந்து தண்ணீர் வருவது நம்பக் கடினமாக இருக்கலாம். அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? புகைபோக்கி இல்லாத சிறு கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துக்கொள்பவர்கள் சுவர் முழுக்க வியர்ப்பதைக் கண்டு திகைப்பது இந்த வேதியியலால்தான். அது மட்டுமானால் துடைத்துவிடலாம். காற்று குறைந்தால் அதே ஹீட்டர் கார்பன் மோனாக்சைடு விடும்; ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலாக அதைப் பற்றிக்கொள்ளும். மணமில்லை, எரிச்சலில்லை, தூக்கத்தோடு தூக்கமாகப் போய்விடும்.

ஆகவே கேம்பருக்கு ஏற்றது மூடிய எரியறை கொண்ட ஹீட்டர். எரிவதற்கு வெளிக்காற்றை இழுத்து, புகையை வெளியே தள்ளி, வெப்பத்தை மட்டும் ஓர் உலோகச் சுவர் வழியே உள்ளறைக்குத் தருவது அது. கேஸில் ஓடுவதும் உண்டு, டீசலில் ஓடுவதும் உண்டு. உயரமான மலைப்பகுதியில் இரண்டுமே தடுமாறும். கொலராடோவின் லெட்வில் நகரம் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம். டீசல் ஹீட்டர் அதே அளவு எரிபொருளைத் துளித்துக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் போதாமல் கரி அடைத்து நின்றுவிடும். உயரத்துக்கேற்பத் துளிப்பைக் குறைக்கும் கருவியைப் பார்த்து வாங்கவேண்டும். (அதே உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் எடுத்துப் போகாதவர் துவரம்பருப்பை மறந்துவிடலாம்.) கண்டுணர்விகள் இரண்டு வேண்டும், இடமும் வேறு வேறு. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதன் கருவி தரைக்கு அருகே. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து எங்கும் பரவும். அதன் கருவி தூங்குபவர் தலைமட்டத்தில்.

மின்சாரத்தில் எல்லாம் 12 வோல்ட். அதிகம் உண்பது ஃபிரிட்ஜ். பழைய கேம்பர்களில் இருந்தது கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் உறிஞ்சல் வகை. 1922இல் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களான பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் கண்டுபிடித்த அற்புதம் அது: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், ஒரு சிறு சுடர். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் உள்ளே திரவம் புவியீர்ப்பால் தானாக வழிந்து திரும்பவேண்டும். வண்டி சில டிகிரி சாய்ந்து நின்றாலே ஓட்டம் தேங்கிவிடும். மட்டமான இடம் தேடிப் பாலைவனத்தில் முன்னும் பின்னும் வண்டியை நகர்த்தும் சடங்கு அதனால் வந்தது. 12 வோல்ட்டில் ஓட்டினால் இடைவிடாமல் பத்து அம்பியருக்கு மேல் இழுத்து, ஓர் இரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும். இப்போது வருவது சிறு கம்ப்ரஸர் வகை. ஓடும்போது நான்கைந்து அம்பியர், ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். ஒரு நாளைக்கு 30 முதல் 50 அம்பியர்-மணி. சாய்வைப் பொருட்படுத்தாது. அமைதி விரும்பிகளுக்கு மட்டும் பழையதன்மேல் ஏக்கம் உண்டு.

ஃபிரிட்ஜுக்கு 40, ஹீட்டர் விசிறிக்கு 10, விளக்கு, கூரை விசிறி, தண்ணீர் பம்ப், கைபேசி எல்லாவற்றுக்கும் 10 என்று ஒரு நாள் செலவு 60 அம்பியர்-மணியில் நிற்கும். விளக்குகளை எல்இடிக்கு மாற்றியிருந்தால்தான் இந்தக் கணக்கு. பழைய குமிழ் ஒன்றே மணிக்கு ஒன்றரை அம்பியர்-மணி தின்னும். 100 அம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கைக்கு வருவது 50தான், எடையோ 30 கிலோ. அதே கொள்ளளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில் இருந்துகொண்டு, அநேகமாக முழுவதையும் தருகிறது. இந்தப் பொருளை 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் குட்இனஃப். லித்தியம் அயனி பேட்டரிக்கான 2019 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கிலோ கணக்கில் வாழும் கேம்பருக்கு இது வரம். ஒரே நிபந்தனை: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்து, பேட்டரியை மீளாமல் கெடுக்கும். வெளிப்பெட்டியில் இருந்த பேட்டரியைப் பெஞ்சுக்கு அடியில், அறையின் கதகதப்புக்குள் மாற்றுவது அதனால்தான்.

சார்ஜ் ஏற்றுவதற்கு இரண்டு வழி. ஒன்று, ஓடும்போது டிரக்கின் ஆல்டர்னேட்டர். இங்கே பலர் கோட்டைவிடுவது வயரில். இன்ஜினிலிருந்து கேம்பர் பேட்டரிக்கு ஆறு மீட்டர், போக வர 12 மீட்டர் செம்பு வயர். 5.3 சதுர மில்லிமீட்டர் பருமனில் 20 அம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட் விழுந்துவிடும். ஆல்டர்னேட்டர் 14.2 தந்தாலும் பேட்டரிக்குப் போய்ச்சேர்வது 13.4, முழுதாக நிரம்ப 14.4 அளவில் வேண்டும். நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி அரைகுறையாக நிற்கும் மர்மம் இதுதான். 13.3 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.3 ஆகக் குறையும். அதோடு பேட்டரிக்கு அருகில் ஒரு டிசி-டிசி சார்ஜரை வைத்தால், வருகிற வோல்ட்டேஜ் எதுவானாலும் அது தேவையான அளவுக்கு உயர்த்தித் தரும்; லித்தியம் பேட்டரி அகோரப் பசியில் மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரை எரித்துவிடாமலும் தடுக்கும். வயரின் இரு முனையிலும், பேட்டரியை ஒட்டியே, ஃபியூஸ். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

இன்னொரு வழி சூரியத் தகடு. 160 வாட் தகடு நல்ல வெயிலுள்ள கோடைநாளில் 600 வாட்-மணி, அதாவது 45 அம்பியர்-மணிக்கு மேல் தரும். குளிர்காலத்தில் கதை வேறு. யூட்டாவின் மோவாப் நகரம் 38.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 28 டிகிரிதான் ஏறும். கூரைமேல் படுத்திருக்கும் தகட்டில் நேர்வெயிலின் பாதிக்கும் குறைவாகவே விழும். சென்னையில் அதே நாளில் அதே தகடு எண்பது சதவீதம் பெறும். மோவாப் பக்கம் குளிர்காலப் பயணிகள் கூரைத் தகட்டோடு நிற்காமல், தரையில் சாய்த்து வைக்கும் மடிப்புத் தகடு ஒன்றையும் எடுத்துப்போவது இதற்காக. வண்டியை மரநிழலில் விட்டுத் தகட்டை மட்டும் வெயிலில் காயப்போடலாம் என்பது கூடுதல் லாபம்.

தண்ணீர் விஷயத்தில் புதிய கருவிகளைவிடப் பழக்கம்தான் பெரிது. பாலைவனக் கோடையில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கவே வேண்டும். மின்பம்ப் திறந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரை கொட்டும்; காலால் மிதிக்கும் சிறு பம்ப் வைத்தவர்கள் அதே தொட்டியை இரண்டு மடங்கு நாள் ஓட்டுகிறார்கள். உறையும் இரவுகளில் குழாயில் நின்ற நீர் ஒன்பது சதவீதம் விரிந்து, இணைப்புகளைப் பிளக்கும். தொட்டியையும் குழாயையும் சுவருக்கு வெளிப்பக்கம் விடாமல் உள்ளே கொண்டுவருவது ஒரு முறை. அந்த நாட்களில் தொட்டியைக் காலி செய்து கேனில் தண்ணீர் வைத்துக்கொள்வது இன்னொரு முறை. இரண்டாவதற்குச் செலவே இல்லை.

மண்சாலையில் ஓடிவிட்டுக் கதவைத் திறந்தால் படுக்கை, பாத்திரம், ரொட்டி எல்லாவற்றின்மேலும் மாவுபோல் புழுதி. ஓடும் டிரக்கின் பின்னால் காற்று சுழன்று அழுத்தம் குறைந்த ஒரு பை உண்டாகிறது. சக்கரம் கிளப்பிய புழுதி அதில் சிக்கி வண்டியோடேயே வருகிறது. கதவு பின்பக்கம். இண்டு இடுக்கு வழியாக அது உள்ளே நுழைகிறது. கதவுக்கு ரப்பர் பட்டையும், பின்தொட்டிக் கதவை ஒட்டிய இடைவெளிக்கு ஸ்பாஞ்சும் ஒட்டுவார்கள். ஆனாலும் முழுமையாக அடைக்க முடியாது. கேம்பரின் முன்பக்கம், புழுதி எட்டாத உயரத்தில் வடிகட்டி வைத்த சிறு காற்றுவாய் ஒன்றைத் திறந்துவிட்டால் எதிர்க்காற்று அதன் வழியே புகுந்து உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும். பிறகு இடுக்குகளில் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது.

காலையில் கிளம்பும்போது கூரையை இறக்குவதிலும் கவனம் வேண்டும். ஈரத் துணியை மடித்து இரண்டு நாள் மூடி வைத்தால் மடிப்புகளில் பூஞ்சை கரும்புள்ளியாகப் பூக்கும். மழையில் மூட நேர்ந்தால் அன்று மாலையே எங்காவது திறந்து காயவைக்கவேண்டும். புற ஊதாக் கதிர் வினைலை மெல்ல மெல்ல விறைக்க வைக்கும். விறைத்த துணி குளிரில் மடியும்போது மூலைகளில்தான் முதலில் வெடிக்கும். துணி மட்டும் மாற்றிக்கொள்ளக் கிடைக்கிறது. உடலும் சட்டமும் நன்றாக இருந்தால் பழைய கேம்பருக்குப் புதுத்துணி போடுவது, புதிது வாங்குவதைவிடப் பெரும்பாலும் புத்திசாலித்தனமான செலவு.

எல்லாம் பொருத்தி முடித்தபின், தண்ணீரும் கேஸும் சாமானும் ஆட்களும் ஏறிய நிலையில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகவேண்டும். அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் இது கிடைக்கும். முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைக் கதவுத் தூணில் ஒவ்வோர் அச்சுக்கும் குறித்திருக்கும் வரம்போடு ஒப்பிடுவார்கள். முன் அச்சின் எடை, கேம்பர் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் பின்னால் ஏதோ அதிகம் தொங்குகிறது. பின் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தால் முதலில் இறங்கவேண்டியது பெரும்பாலும் தண்ணீர்தான்: தொட்டியைப் பாதியாக்கினால் 38 கிலோ அங்கேயே குறையும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். அடுத்து வெளியேறுவது, மூன்று பயணமாக ஒருமுறைகூடத் திறக்காத பெட்டி.